பைக்கின் செசி மாற்றும்போது செசி இலக்கத்தை என்ன செய்வது? மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மீன் விற்கிறவர்களின் பைக் கராஜுக்குள் வந்தால் என் கண் முதலில் போவது சீட்டுக்குப் பின்னால்தான். அங்கே ரெஜிபோம் பெட்டி கட்டியிருக்கும். விடியச் சாமத்தில் மீன் ஏற்றி ஐஸ் போட்டு மூடினால், மத்தியானம் வரைக்கும் அந்த உப்புத் தண்ணீர் பெட்டி மூலையால் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற இடம் எப்போதும் ஒரே இடம்: ஷொக் அப்சோபரின் மேல் போல்ட்டைப் பிடிக்கிற செசிக் குழாய். (பைக்கின் எலும்புக்கூடான இரும்புச் சட்டம்தான் செசி.) பெயின்ட் முதலில் கொப்பளிக்கும். பிறகு செதில் செதிலாக உரியும். சில வருஷத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து அழுத்தினால் உள்ளே போகும்.

போன மாரிக்கு முன் குருமண்வெளிப் பக்கமிருந்து ஒரு மாமா வந்தார். தினமும் பாதையில் பைக்கை ஏற்றி மண்டூருக்குக் கடந்து, படுவான்கரை ஊர்களில் மீன் விற்கிறவர். (வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அதில் நிற்கும்போதும் பைக்குக்கு உப்புத் தண்ணீர்தான்.) பின்குழாய் இரண்டும் முறிந்து, கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. அதைவிட மோசம், ஹேண்டில் கழுத்துக்குக் கீழே ஒரு வெடிப்பு. "செசி மாற்ற வேணும் மாமா" என்றேன். அவர் உடனே கேட்டார்:

"வேற ஒரு செசி எடுத்து, இந்த நம்பர் அடிச்ச துண்டை வெட்டி அதில ஒட்டிப்போட்டாச் சரிதானே மனே?"

சரியில்லை. இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்கள் களவு செய்ய நினைத்துக் கேட்பதில்லை. பதிவுப் புத்தகத்தில் இருக்கிற இலக்கமும் பைக்கில் இருக்கிற இலக்கமும் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துக் கேட்கிறார்கள். ஆனால் களவெடுத்த பைக்கை விற்கிறவனும் அதே வெட்டு, அதே ஒட்டு, அதே பூச்சுத்தான் செய்கிறான். மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்கும்போது உங்கள் மனது அவருக்குத் தெரியாது, வெல்டிங் தழும்புதான் தெரியும். அதனால் இலக்கத்தை நகர்த்த நினைக்காதீர்கள். இரும்பை மாற்றுங்கள், மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஏற்றுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

அந்த இலக்கம் எங்கே இருக்கிறது, என்ன சொல்கிறது

பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில் கழுத்தின் ஒரு பக்கத்தில், இரும்பிலேயே அடித்திருக்கும். ஸ்கூட்டர்களில் சீட்டுக்குக் கீழே அல்லது கால் வைக்கிற தட்டுக்குக் கீழே பார்க்க வேண்டி வரும். என்ஜின் இலக்கம் வேறு, அது என்ஜின் கவசத்தில் இருக்கும். இரண்டும் புத்தகத்தில் தனித்தனி வரியில் இருக்கின்றன. செசியை மட்டும் மாற்றினால் ஒரு வரி மாறும், என்ஜினும் மாறினால் இரண்டு வரி மாறும்.

இந்தியாவிலிருந்து வந்த பைக் என்றால் இலக்கம் 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வராது, ஒன்றோடும் பூச்சியத்தோடும் குழம்பக்கூடாது என்பதற்காக. முதல் மூன்றும் தயாரித்தவரைச் சொல்லும்: எம்டி2 என்றால் பஜாஜ், எம்டி6 என்றால் டிவிஎஸ், எம்பிஎல் என்றால் ஹீரோ. ஒரு பஜாஜ் பைக்கின் கழுத்தில் எம்டி6 என்று கண்டால் மேலே எதுவும் பார்க்கத் தேவையில்லை, அந்தப் பைக்கை விட்டுவிட்டு வாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹொண்டாக்களில் 17 இருக்காது. மொடல் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு தொடர் இலக்கம், அவ்வளவுதான். குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

கனடாவில் இருக்கிற மருமகன் ஒருவன் பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைல் வைத்திருக்கிறான். அதில் ஓட்டுபவர் இருக்கிற இடத்துக்குக் கீழே பின்பக்கமாக நீண்டு போகிற அலுமினியக் கூட்டை டனல் என்பார்கள், அடையாள இலக்கம் அதில்தான் அடித்திருக்கும். டனல் நெளிந்து மாற்ற வேண்டி வந்தபோது அவனுக்கும் இதே கேள்விதான் வந்தது. எந்த ஊரிலும் இலக்கம் அடித்த பாகம் வண்டியின் எலும்பாக இருக்கும், அந்த எலும்பை மாற்றும்போது வண்டியின் அடையாளம் பற்றிய கேள்வி வரும்.

முதலில்: உண்மையில் மாற்றத்தான் வேண்டுமா?

இங்கே நேரம் எடுங்கள். முழுச் செசியையும் மாற்றாமல் தப்பினால் கடதாசி வேலை முழுவதும் தப்புகிறது. கழுத்தும் இலக்கமும் அப்படியே இருக்க, பின்குழாயை மட்டும் திருத்தினால் அது பழுதுபார்த்தல். பதிவில் மாற்ற எதுவும் இல்லை.

சீட், டாங்கி, பக்கக் கவர் எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் செசியைத் துடையுங்கள். சிறிய சுத்தியலால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல குழாய் மணி மாதிரி ஒலிக்கும். உள்ளே உளுத்த குழாய் மண்பானையைத் தட்டியது மாதிரிச் செத்த சத்தம் கொடுக்கும். சத்தம் மாறுகிற இடத்தில் வெண்கட்டியால் குறி போடுங்கள்.

வெடிப்பைப் பிடிக்கப் பழைய மெக்கானிக்மாரின் வேலை ஒன்று இருக்கிறது, எனக்கு என் ஆசான் காட்டியது. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசி ஐந்து நிமிஷம் விடுங்கள். காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, வெண்கட்டித் தூளை மெல்லியதாகத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெதுவாக மேலே ஊறி, வெள்ளைத் தூளில் ஒரு ஈரக் கோடு வரும். அந்த மாமாவின் பைக்கில் கழுத்துக்குக் கீழே தொடங்கி, முன் குழாயும் மேல் குழாயும் சேரும் மூலைத் தகடு வரைக்கும் அந்தக் கோடு போனது. அவரும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். அதற்குப் பிறகு "வெல்டிங் பிடிச்சுத் தாவன்" என்று அவர் கேட்கவில்லை.

என் கணக்கு இதுதான். பின்குழாய் மட்டும் உளுத்திருந்தால், உளுத்ததை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எறிந்து, உள்ளே ஒரு குழாய் நுழைத்து வெல்டிங் பிடிக்கலாம். மெலிந்த இரும்பின் மேல் வெல்டிங் பிடித்துப் பிரயோசனமில்லை, ஓட்டை பெரிதாகும். கழுத்திலோ, என்ஜின் பிடிக்கிற தகட்டிலோ, சுவிங் ஆம் (பின் சில்லைப் பிடிக்கிற கை) ஊசி போகிற இடத்திலோ வெடிப்பு அல்லது உளுப்பு இருந்தால் மாற்றுங்கள். கழுத்து முறிந்தால் ஓட்டத்தில் ஹேண்டில் கையோடு வந்துவிடும். கல்லடிப் பாலத்தில் ஐம்பதில் போகும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் வளைந்த செசி என்றால், பின் டயரின் இரண்டு பக்கத்தாலும் நூல் பிடித்து முன் டயருக்கு இழுத்துப் பாருங்கள். முன் சில்லு நேராக நிற்கும்போது இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். சிறு கோணலை நல்ல கராஜில் இழுத்து எடுக்கலாம். இழுக்கும்போது கழுத்துப் பக்கம் காஸ் போட்டுச் சூடாக்க விடாதீர்கள், அங்கேதான் இலக்கம் இருக்கிறது.

வெல்டிங் பிடிப்பதாக இருந்தால் பெட்டரியையும் சிடிஐயையும் (பிளக்குக்குப் பொறி கொடுக்கிற சின்ன மின்பெட்டி) கழற்றிவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் செசி சரியாகி, பைக் ஸ்டார்ட் ஆகாது.

புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது?

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், பதிவுப் புத்தகத்தை எடுங்கள்.

எங்கள் பக்கத்தில் எத்தனையோ பைக்குகள் ஓபன் பேப்பரில் ஓடுகின்றன. முதல் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட படிவத்தை வைத்துக்கொண்டு மூன்றாவது நான்காவது ஆள் ஓட்டுவார். சட்டப்படி வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் உரிமை மாற்றம் செய்ய வேண்டும். பெயர் மாறாத பைக்கில் செசி மாற்றம் கேட்டு நீங்கள் போனால், அலுவலகத்தின் கண்ணில் நீங்கள் அந்தப் பைக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஆள். ஆகவே முதலில் பெயரை மாற்றுங்கள். முதல் சொந்தக்காரர் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ அது இழுபடும், ஆனாலும் அதை முடிக்காமல் இதற்குள் இறங்க வேண்டாம்.

லீசிங்கில் எடுத்த பைக் என்றால் புத்தகத்தில் கம்பனியின் பெயரும் இருக்கும், புத்தகமும் அவர்களிடம்தான் இருக்கும். கம்பனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் செசியைத் தொட்டால், அவர்களுடைய சொத்தை நீங்கள் மாற்றியதாகிவிடும். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் வந்து படம் எடுக்கும் வரைக்கும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக்கூடாது. இழப்பீடு கேட்கிற எண்ணம் இருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் எடுத்து வையுங்கள்.

மூன்று வழிகள்

செசி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

முதலாவது, ஏஜென்டிடமிருந்து புதிய செசி. விலை அதிகம், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் கடதாசி சுத்தமாக இருக்கும். ஓர்டர் கொடுக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: செசி இலக்கம் அடித்து வருமா, வெறுமையாக வருமா? சில தயாரிப்பாளர்கள் மாற்றுச் செசியைப் புதிய இலக்கத்தோடு அனுப்புவார்கள், சிலர் வெறுமையாக அனுப்புவார்கள். புதிய இலக்கத்தோடு வந்தால் அந்த இலக்கம் பற்றுச்சீட்டிலும் எழுதப்பட வேண்டும். வெறுமையாக வந்தால் அதில் இலக்கம் அடிக்கிற உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. திணைக்களம் எழுத்தில் சொன்ன பிறகுதான், அவர்கள் சொன்ன இலக்கத்தைத்தான், அவர்கள் சொன்ன முறையில்தான் அடிக்க வேண்டும். இரும்புக் கடையில் எழுத்து அச்சு செட் வாங்கி வந்து "நான் அடிச்சுத் தாறன்" என்று சொல்கிற கராஜை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது, பழைய சாமான் கடையில் கிடக்கிற செசி. இதில் ஏற்கனவே ஒரு இலக்கம் இருக்கும். அந்த இலக்கம் யாருடையது? களவு போன பைக்கா, விபத்தில் இன்சூரன்ஸ்காரர் தூக்கிய பைக்கா, லீசிங் கட்டாமல் ஒளித்த பைக்கா? கடைக்காரருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஜப்பானில் இருந்து இறக்கியது என்றால் சுங்கப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். உள்ளூரில் ஓடிய பைக்கின் செசி என்றால் அந்தப் பைக்கின் புத்தகத்தைக் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் அது இரும்பு மட்டும்தான், பைக்கின் செசி இல்லை. எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியாருக்குத் திரும்பத் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருஷத்தில் பழைய பைக்கின் விலை எங்கேயோ போய், கிடைத்த கிடைத்த செசிகளில் பைக் கட்டியவர்கள் பலர். அப்படிக் கட்டியவை இன்னும் கைமாறிக்கொண்டு இருக்கின்றன. அதனால் இப்போது இன்னும் கவனமாக இருங்கள்.

மூன்றாவது வழியைத்தான் நான் அதிகம் சொல்வேன். உங்களுடைய அதே மொடல் பைக், என்ஜின் போனது, செசி நல்லது, புத்தகம் விற்கிறவரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. அப்படி ஒன்று கிடைத்தால் முழுப் பைக்காக வாங்குங்கள். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு உங்கள் பழைய பைக்கின் என்ஜினை அதில் ஏற்றி, என்ஜின் இலக்க மாற்றமாகப் பதியுங்கள். செசி இலக்கம் அதன் சொந்தப் புத்தகத்தில் ஏற்கனவே இருக்கிறது, அதைத் தொட வேண்டியதே இல்லை. உங்கள் பழைய பைக்கின் பதிவை ரத்துச் செய்ய விண்ணப்பியுங்கள். ஒரே ஒரு இழப்பு: உங்கள் பழைய வாகன இலக்கம் போய்விடும்.

மாமாவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த நம்பர் தனக்கு ராசி என்றார். அதை வாங்கிய வருஷம்தான் வீட்டுக்குச் சீமெந்து பூசினாராம். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, அக்கரைப்பற்றில் ஒரு பைக் இருப்பதாக அவரே சொன்னார்.

வாங்கும் முன் என்ன பார்ப்பது

திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டு அதன் பதிவு விவரங்களைப் பார்க்கலாம். போனிலேயே செய்யலாம், தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள். அதில் வருகிற விவரங்கள் புத்தகத்தோடு பொருந்த வேண்டும், புத்தகத்தில் இருக்கிற செசி இலக்கமும் கழுத்தில் அடித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் காசைக் கொடுக்காதீர்கள். "பதியும்போது பிழையாக எழுதிப்போட்டாங்கள்" என்று விற்கிறவர் சொல்வார். உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் அவரே போய்த் திருத்திக்கொண்டு வரட்டும்.

பிறகு கழுத்தை டோர்ச் அடித்துச் சரிவாகப் பாருங்கள். தொழிற்சாலையில் அடித்த எழுத்துகள் ஒரே வரியில், ஒரே ஆழத்தில் இருக்கும். கையால் அடித்தவை ஏறி இறங்கும், ஒன்று ஆழமாக, ஒன்று மேலோட்டமாக இருக்கும். எழுத்துகளைச் சுற்றி இரும்பு பள்ளமாகவோ வழவழப்பாகவோ இருந்தால் கிரைண்டர் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக, தடிப்பாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். விரலால் தடவினால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும்.

கிரைண்டர் போட்டால் பழைய இலக்கம் போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. அச்சு அடிக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற பள்ளத்துக்குக் கீழேயும் இரும்பு நெருங்கி இறுகிவிடும். மேலே தேய்த்து மட்டமாக்கினாலும் அந்த இறுக்கம் உள்ளே கிடக்கும். அமிலக் கலவை பூசினால் இறுகிய இடமும் இறுகாத இடமும் வேறு விதமாக அரிபடும், அழித்த இலக்கம் நிழல் மாதிரி மேலே வரும். வழக்குகளில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

கழற்ற முன் எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் பழைய செசியின் இலக்கத்தைப் பதிவு செய்து வையுங்கள். மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் எடுத்து மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். மண்கடதாசி, கம்பிப் பிரஷ், கிரைண்டர் எதுவும் அந்த இடத்தைத் தொடக்கூடாது, நீங்களே உங்கள் ஆதாரத்தை அழித்ததாகிவிடும். துரு மூடியிருந்தால் எண்ணெய் பூசி ஒரு இரவு விடுங்கள்.

காய்ந்த பிறகு ஒரு மெல்லிய வெள்ளைக் கடதாசியை மேலே வைத்து, இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். பழைய ஐந்து சதக் காசை வைத்து நாங்கள் சின்ன வயதில் தேய்ப்போமே, அதே மாதிரி. எழுத்துகள் வெள்ளையாகவும் சுற்றி கறுப்பாகவும் வரும். இதில் இரண்டு பிரதி எடுங்கள், திகதி எழுதுங்கள், வாகன இலக்கத்தை எழுதுங்கள். போனில் படமும் எடுங்கள்: கிட்டத்தில் ஒன்று, பைக்கின் நம்பர் பிளேட்டோடு சேர்த்து எட்டத்தில் ஒன்று. வெடிப்பை, உளுப்பைத் தனியாக எடுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கும்போது வாயால் சொல்வதைவிட அந்தப் படம் பேசும்.

அலுவலகத்துக்குப் போகும்போது

வேலையைச் செய்த பிறகு போகாதீர்கள், செய்யும் முன் போங்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ்தான் இதெல்லாம் நடக்கிறது. பதிவில் இருக்கிற விவரம் மாறினால் அதைத் தெரியப்படுத்துகிற கடமை பதிவுச் சொந்தக்காரருடையது, மெக்கானிக்குடையதல்ல. மட்டக்களப்பு ஆட்கள் மட்டக்களப்பு மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்கும், கல்முனை, காரைதீவு, பொத்துவில் பக்கத்து ஆட்கள் அம்பாறை மாவட்ட அலுவலகத்துக்கும் போய் முதலில் பேசுங்கள். எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், எது இங்கேயே முடியும், எதற்கு நாரஹேன்பிட்டித் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று அன்றைய நிலவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். படிவமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் போன வருஷம் செய்ததை நம்பிப் போனால் கொழும்புக்கு இரண்டு இரவுப் பயணம் வீணாகும்.

கையோடு ஒரு கடிதமும் கொண்டு போங்கள். நீளமாக வேண்டாம். வாகன இலக்கம், இப்போதைய செசி இலக்கம், என்ஜின் இலக்கம், செசிக்கு என்ன நடந்தது, அதற்குப் பதிலாக எங்கிருந்து என்ன செசி எடுக்கப் போகிறீர்கள், அனுமதி வேண்டும். அவ்வளவு போதும். ஒரு பிரதியில் ஏற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். இடையில் யாராவது மறித்தால் நீங்கள் ஒளித்துச் செய்யவில்லை என்று காட்ட அந்த முத்திரைதான் இருக்கிறது.

ஒரு கோவையில் (ஃபைலில்) இவையெல்லாம் இருக்கட்டும்: பதிவுப் புத்தகம், அடையாள அட்டை, வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், பென்சில் தேய்ப்புகள், படங்கள், செசி வாங்கிய பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு தனி ஆளிடமிருந்து என்றால் அவருடைய முழுப் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், விற்ற பொருளின் இலக்கம், திகதி, கையெழுத்து எல்லாம் வேண்டும். சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றிலும் போட்டோப் பிரதி இரண்டு.

படிவத்தில் இலக்கத்தை நிரப்பும்போது பூச்சியத்தையும் ஆங்கில ஓவையும், ஐந்தையும் எஸ்ஸையும், எட்டையும் பியையும் பார்த்து எழுதுங்கள். இருட்டிய கராஜுக்குள் நின்று ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எழுதுகிற வேலை வேண்டாம். தேய்ப்புக் கடதாசியைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

கராஜ் வேலை

அனுமதி வந்த பிறகு வேலை நேரான வேலை. எங்கள் பக்கத்துப் பைக்குகளில் உயிரை வாங்குவது சுவிங் ஆம் ஊசிதான், உப்பில் இறுகிக் கிடக்கும். நேரே சுத்தியலால் அடித்தால் மரை போய்விடும். துரு கழற்றுகிற எண்ணெய் அடித்து இரண்டு நாள் விடுங்கள், நட்டைத் திரும்ப நுனி வரை பூட்டிவிட்டு அதன் மேல் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். வயர் செட்டைக் கழற்றும் முன் எது எந்தப் பக்கத்தால் போகிறது என்று படம் எடுங்கள். கழுத்துக்குள் போகிற பெயரிங் செட்டைப் புதிதாகப் போடுங்கள். செசியே மாற்றுகிறீர்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

செசிக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் இலக்கத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பவுடர் கோட்டிங் என்றால் இன்னும் கவனம், அது தடிப்பாகப் படிந்து எழுத்துகளை நிரப்பிவிடும். டேப்பை எடுத்த பிறகு அந்த இடத்தில் நிறமில்லாத லக்கர் ஒரு மெல்லிய பூச்சு, அல்லது மாதம் ஒரு தடவை கொஞ்சம் கிறீஸ். உப்புக் காற்றுக்கு அது போதும். மீன் பெட்டி கட்டுகிறவர்கள் பெட்டிக்குக் கீழே ஒரு தட்டும், அதிலிருந்து சில்லுக்கு அப்பால் போகிற ஒரு சின்னக் குழாயும் வைத்தால் இந்த வழிகாட்டியை இரண்டாம் முறை வாசிக்க வேண்டி வராது.

பழைய செசியை எறியாதீர்கள். பரிசோதகர் பார்த்து, பதிவு மாறி, புதிய விவரத்தோடு புத்தகம் கையில் வரும் வரைக்கும் அது உங்கள் வளவுக்குள் இருக்க வேண்டும். அவசரப்பட்டு இரும்புக்காரருக்குக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். பரிசோதகர் "பழையது எங்கே?" என்று கேட்டபோது அவரிடம் பதிலும் இல்லை, படமும் இல்லை. ஐந்து மாதம் அலைந்தார்.

பரிசோதனையும் அதற்குப் பிறகும்

மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் பைக்கைக் கொண்டு போகும் நாளில் அது கழுவி, இலக்கம் இரண்டும் துடைத்து, லைட், பிரேக், ஹோர்ன் வேலை செய்கிற நிலையில் இருக்கட்டும். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுங்கள். அவர் கழுத்திலிருந்து இலக்கத்தை எடுத்துப் படிவத்தோடு ஒப்பிடுவார். உங்கள் தேய்ப்புக் கடதாசியை நீட்டினால் அவருக்கும் வேலை இலகு.

புதிய விவரத்தோடு புத்தகம் வந்ததும் அங்கேயே நின்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே சொல்லித் திருத்துவது இலகு. பிறகு இன்சூரன்ஸ் கம்பனிக்குப் போங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றாலும் அதில் பழைய இலக்கம் கிடந்தால், விபத்து நடக்கும் அன்றைக்கு அந்தக் காப்புறுதி வேறு ஒரு பைக்குக்கானது என்று சொல்லிவிடலாம். அடுத்து புகைப் பரிசோதனையும், பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரமும் புதிய விவரத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். லீசிங் கம்பனிக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பழைய செசி. அதை முழுசாக யாருக்கும் விற்காதீர்கள், உங்கள் இலக்கத்தில் இன்னொரு பைக் எழும்பி ஓடத் தொடங்கலாம். அது எங்கேயாவது ஆளை இடித்துவிட்டுப் போனால் பொலிஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். அலுவலகத்தில் அதை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டு அப்படியே செய்யுங்கள். வெட்டி அழிக்கச் சொன்னால் கழுத்தைக் குறுக்கே அறுக்கிற போதும் படம் எடுத்துக் கோவையில் வையுங்கள்.

அந்த மாமாவின் செசி என் கராஜின் பின்சுவரில் மூன்று மாதம் தொங்கியது. அக்கரைப்பற்றுப் பைக்கின் உரிமை மாறி, என்ஜின் மாற்றம் பதிந்து, பழைய பதிவு ரத்தான கடதாசி வந்த அன்று அவரையும் நிற்க வைத்துத்தான் அறுத்தேன். போன கிழமை பாதையடியில் அவரைக் கண்டேன். புதிய பெட்டி, கீழே தகரத் தட்டு, குழாயும் வைத்திருந்தார். மீன் எடுக்க மூடியைத் திறந்தார். மூடியின் உள்பக்கத்தில் நீலப் பெயின்டால் பழைய வாகன இலக்கத்தை எழுதி வைத்திருந்தார்.